கடைக் கொம்பியூட்டர்ல நீங்க விட்டுட்டுப் போறது

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி மெயின் ரோட்டுல சின்னதா ஒரு கொமினிகேசன் வெச்சிரிக்கன். போட்டோ கொப்பி, பிறின்ட், ஸ்கேன், லெமினேட்டிங், ஒன்லைன் அப்ளிகேசன் நிரப்பிக் குடுக்கிறது, ரிசல்ட் பாத்துச் சொல்றது, ரீலோட் போடுறது, இதுகள்தான் பொழப்பு. மெசின் மூண்டு. மண்முனைப் பாலத்தால படுவான்கரைச் சனம் வரும், அந்தப் பக்கம் காத்தான்குடி ஆக்கள் வருவாங்க, மறுகா எங்கட ஊர்ச் சனம். நான் படிச்சது ஏஎல் கலைப்பிரிவு, கொம்பியூட்டர் வகுப்பு எண்டு ஒரு நாளும் போகல்ல. கீழ எழுதிரிக்கிறதெல்லாம் பிழை விட்டு, ஆக்கள்ட்ட ஏச்சு வாங்கிப் பழகினதுதான்.

முதல்ல அந்தப் புள்ளயப் பத்திச் சொல்றன். கொக்கட்டிச்சோலையில இருந்து வந்தது, ஏதோ வேலைக்கு அப்ளிகேசன் போடோணும் எண்டு. ரெண்டாம் மெசின்ல இருத்தி விட்டன், தானே நிரப்புறன் எண்டிச்சு. அடையாள அட்டை நம்பர் போடுற பெட்டிக்க "20" எண்டு ரெண்டு இலக்கம்தான் அடிச்சிரிக்கும், கீழால பொலுபொலுவெண்டு ஏழெட்டு நம்பர் விழுந்திச்சு. எல்லாம் 12 இலக்கம், 2000, 2001, 2003 எண்டு தொடங்குற புது ஐசி நம்பருகள். "அண்ணா, இதெல்லாம் யார்ர நம்பர்?" எண்டு கேட்டுச்சு. எனக்கு வாய் அடச்சிட்டு. அடுத்த பெட்டியில பேர் போட ஒரு எழுத்து அடிச்சா நாலு பேர்ர முழுப்பேர், விலாசத்துக்கு வந்தா ஒழுங்கை பேரோட ஆக்கள்ட வீடு, போன் நம்பர். அந்தப் புள்ள ஒண்டும் சொல்லல்ல, ஆனா நிரப்பி முடிச்சிட்டு என்னப் பாத்த பார்வை இரிக்கே, "என்டதும் இனி இதுக்க கிடக்கும்தானே" எண்ட மாதிரி.

அண்டைக்கு ராவு கடையப் பூட்டாம இருந்து மெசினக் கிண்டினன். டவுன்லோட் போல்டரத் திறந்தா அறுநூத்துச் சொச்சம் பைல். ஐசி முன்பக்கம், ஐசி பின்பக்கம், பேங்க் புத்தகத்துட முதல் பக்கம், கிராம சேவகர் சேட்டிபிகேட், கட்டாருக்குப் போன பொடியனுகள்ட பாஸ்போட், ஒரு அக்காட ஸ்கேன் றிப்போட் கூட. எல்லாம் பிறின்ட் எடுக்க எண்டு இறக்கினது, எடுத்தாச்சு, காசும் வாங்கியாச்சு, பைல் மட்டும் அங்கயே. எவனாவது ஒரு பென் ரைவோட வந்து ரெண்டு நிமிசம் இருந்தாப் போதும், அள்ளிக்கிட்டுப் போயிருப்பான்.

பிரவுசர் எண்டா இன்டர்நெட்டப் பாக்கிற கண்ணாடி மாதிரி ஒண்டு, திறந்தாத் தெரியும், மூடினா முடிஞ்சுது எண்டுதான் நான் அது மட்டும் நினைச்சிக்கிட்டு இருந்தன். உண்மையில அது கடைக் கணக்குப்புள்ள மாதிரி, எல்லாத்தையும் எழுதி வெக்கும். எங்க போனீங்க எண்டது ஹிஸ்டரியில. பெட்டிக்க என்ன அடிச்சீங்க எண்டது ஓட்டோபில்லுல, அதாலதான் அந்த ஐசி நம்பருகள் விழுந்தது. ஒரு சைட்டுட படங்கள், டிசைன் இதுகள அடுத்த முறை இறக்காம இரிக்க எடுத்து வெக்கிறது கேஷ், அதுல பெரிசாப் பயமில்ல, சைட் பழசாவே காட்டிக்கிட்டு நிண்டா கொன்ட்ரோல அமத்திப் பிடிச்சிக்கிட்டு எப் பைவ் அடிச்சாப் புதுசா எடுக்கும்.

குக்கி எண்டதுதான் எனக்குக் கனநாளா விளங்கல்ல. யூடியூப்ல எத்தின பேர் விளக்கம் சொல்லியும் மண்டைக்க ஏறல்ல, அம்மாவக் கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போன அண்டைக்குத்தான் விளங்கிச்சு. கிளினிக்ல டொக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரப் பாப்பார், அம்மாட முகம் அவருக்கு எங்க ஞாபகம் இரிக்கப் போகுது. அம்மா கையில கொண்டு போற கிளினிக் கொப்பியப் பாத்துத்தான் "ஆ, இந்தக் குளிசதானே போன மாசம்" எண்டு எழுதுவார். வெப்சைட்டும் அந்த டொக்டர் மாதிரித்தான், நீங்க ஒவ்வொரு தரம் கிளிக் பண்ணேக்கயும் அதுக்கு நீங்க புது ஆள். அதால முதல் தரம் லொகின் பண்ணினதும் ஒரு துண்டு எழுதி உங்கட பிரவுசர்ட்ட குடுத்து விடும், அடுத்தடுத்த கிளிக்குக்கு பிரவுசர் அந்தத் துண்ட நீட்டும், சைட் பாத்திட்டு உள்ளுக்கு விடும். அந்தத் துண்டுதான் குக்கி. 1994ல நெட்ஸ்கேப் கொம்பனியில வேல செஞ்ச லூ மொன்டுலி எண்டவர் கொண்டு வந்தது.

இப்ப யோசிங்க, அம்மாட கிளினிக் கொப்பிய வேற ஒருத்தர் தூக்கிக்கிட்டுப் போனா? பேர் கூப்பிட எழும்பிப் போய் அம்மாட மருந்த வாங்கிருவா. பாஸ்வேர்ட் தெரியத் தேவல்ல. கடையில லொக்அவுட் பண்ணாமப் போறது அந்த மாதிரித்தான். "என்ட பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியா" எண்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறவங்க கனபேர், ஆனா கொப்பிய மேசையில வெச்சிட்டுத்தான் போறாங்க.

சரி, இவ்வளவும் தெரிஞ்சதும் எனக்கு ஒரு வெறி வந்திட்டு. ஒவ்வொரு நாளும் ராவைக்கு கொன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் மூண்டையும் அமத்தி, எல்லா நாளும் எண்டு போட்டு, கிடக்கிற பெட்டி எல்லாத்துக்கும் சரி அடிச்சு அழிக்கத் தொடங்கினன். பெரிய சுத்தக்காரன் மாதிரி. ஒரு மாஸ்டர் இரிக்கார், றிட்டயராயிட்டார், நல்ல மனிசன், பென்சன் விசயமா அடிக்கடி வருவார். அவர் அண்டைக்கு மூண்டாம் மெசின்ல ஜிமெயிலத் திறக்க, குரோம் "இந்தக் கணக்க இந்தக் கொம்பியூட்டரோட சேக்கட்டா" எண்டு கேட்டிரிக்கு, மனிசன் எல்லாத்துக்கும் ஓம் சொல்ற ஆள், ஓம் எண்டு அமத்திட்டார். அதால அவர்ர வீட்டு லப்டொப்ல, போன்ல சேத்து வெச்சிருந்த பாஸ்வேர்ட், புக்மார்க் எல்லாம் என்ட கடை மெசினுக்க இறங்கிட்டு. எனக்கு அது தெரியா. ராவைக்கு வழமை போல எல்லாத்தையும் அழிச்சன், பாஸ்வேர்ட் எண்ட பெட்டிக்கும் சரி போட்டுத்தான்.

அடுத்த நாள் வெள்ளன போன். "தம்பி, என்ட போன்ல பாஸ்வேர்ட் ஒண்டும் காணல்ல, வீட்டு லப்டொப்லயும் இல்ல, என்ன செஞ்ச நீ?" குரலுக்க கோவம் இல்ல, பயம். சிங்க் எண்டு சொல்றது ரெண்டு பக்கக் கதவு, இஞ்ச அழிச்சா அங்கயும் அழியும். நாப்பது சொச்சம் பாஸ்வேர்ட், மூண்டு நாள் அவரோட குந்தியிருந்து ஒவ்வொண்டா "பாஸ்வேர்ட் மறந்திட்டு" எண்டு அமத்தி மீட்டுக் குடுத்தன். ஒண்டு மட்டும் அவர் எப்பயோ கைவிட்ட சிம் நம்பருக்கு ஓடிபி போகுது, அது அப்பிடியே போச்சு. காசு வாங்கல்ல எண்டு சொல்லத் தேவல்ல. அவர்தான் மனம் கேக்காமப் பிளேன்டி வாங்கித் தந்தார், எனக்கு அது இறங்கல்ல.

அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இரிக்கு. ஆர்ரயும் கணக்கு குரோமோட சேந்து கிடந்தா முதல்ல அந்தப் புரொபைலக் கழட்டோணும், மேல வலப்பக்கம் வட்டமாக் கிடக்கிற படத்த அமத்தினா வரும், கழட்டினாப் பிறகு இந்த மெசின்ல கிடக்கிறது மட்டும்தான் போகும், அவர்ர கணக்குக்குள்ள இரிக்கிறதுக்கு ஒண்டும் ஆகாது. இப்ப நான் அந்தச் சோலியே வெச்சிக்கிறல்ல. அதே வட்டத்துக்க "கெஸ்ட்" எண்டு ஒண்டு இரிக்கு, வாற ஆக்கள் எல்லாத்தையும் அதுலதான் இருத்துறன். ஜன்னல மூடினா ஹிஸ்டரி, குக்கி, அடிச்ச எழுத்து எல்லாம் போயிரும், பழைய ஆக்கள்ட நம்பரும் விழாது. டவுன்லோட் பண்ணின பைல் மட்டும் போகாது, அத நாமதான் அழிக்கோணும், றீசைக்கிள் பின்னையும் சேத்து. அழிச்சிட்டன் எண்டு சொல்லிப் பின்னுக்க வெச்சிருக்கிறது குப்பய கதவுக்குப் பின்னால ஒதுக்கின மாதிரி.

வட்ஸ்அப் வெப் பத்திச் சொல்லாட்டி நான் கொமினிகேசன் வெச்சிரிக்கிறதுல அர்த்தமே இல்ல. பைல் போன்ல இரிக்கும், பிறின்ட் எடுக்கோணும், உடன வட்ஸ்அப் வெப்பத் திறந்து அந்தக் கட்டக் கட்டமான கியூஆர் கோட்ட ஸ்கேன் பண்ணி, பைல எடுத்துக் குடுத்திட்டு ஆள் போயிரும். லிங்க் கழட்டுறதில்ல. ஒரு நாள் ஒரு ஐயாக்கு காணி விசயமா ஒரு கடிதம் டைப் பண்ணிக்கிட்டு இரிக்கன், ஸ்கிறீன்ட மூலையில டிங் எண்டு ஒண்டு, "வரக்குள்ள தேங்காய் ரெண்டு வாங்கிட்டு வாங்க, உங்கட தம்பி காசு கேட்டு வந்திரிக்கான், குடுக்காதீங்க". யார்ர பொஞ்சாதி, யார்ர தம்பி, ஒண்டும் தெரியா. ஐயா சிரிக்கார், எனக்குச் சிரிப்பு வரல்ல. போன்ல வட்ஸ்அப்பத் திறந்து, மூண்டு புள்ளிக்க "லிங்க்ட் டிவைசஸ்" எண்டு இரிக்கும், உள்ளுக்குப் போய்ப் பாருங்க, உங்களுக்குத் தெரியாத ஒரு கொம்பியூட்டர் அதுல கிடந்தா அது பெரும்பாலும் என்னப் போல ஒருத்தன்ட கடையாத்தான் இரிக்கும், அமத்தி லொக்அவுட் குடுங்க.

ஏஎல் பொடியன் ஒருத்தன் வந்தான், வந்ததும் கொன்ட்ரோல் ஷிப்ட் என் அடிச்சுக் கறுப்பு ஜன்னலத் திறந்தான். "இன்கொக்னிட்டோவில பாத்தா ஒருத்தருக்கும் தெரியாதுதானே அண்ணா." நான் கேட்டன், இப்ப இறக்கின பாஸ்ட் பேப்பர் எங்க கிடக்கு? டவுன்லோட்ல. பேஸ்புக்குக்க போனியே, நீ யாரெண்டு பேஸ்புக்குக்குத் தெரியாதா? பேசாம இருந்தான். அந்தக் கறுப்பு ஜன்னல் செய்யிறது ஒண்டுதான், அதுட ஜன்னல் எல்லாத்தையும் மூடினாப் பிறகு இந்த மெசின்ல ஹிஸ்டரியையும் குக்கியையும் வெச்சிக்காது. போற சைட்டுக்குத் தெரியும், எந்தெந்த சைட்டுக்குப் போறம் எண்டது இன்டர்நெட் குடுக்கிற கொம்பனிக்கும் பொதுவாத் தெரியும். இது எங்கட பொடியனுகள் மட்டும் விட்ட பிழையில்ல, அமெரிக்காவுல இத வெச்சி 2020ல கூகுளுக்கு எதிரா வழக்கே போட்டு, 2024ல சேத்த தரவுகள அழிக்கிறம் எண்டு கூகுள் ஒத்துக்கிட்டு.

இன்னொண்டு, பிரவுசரோட பெரிசாச் சம்பந்தமில்ல, ஆனா ஆக்கினை கூடினது. கடிதத்த பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில டைப் பண்ணி வெச்சிருப்பாங்க, அத கொப்பி பண்ணி ஒன்லைன் போமுக்க ஒட்டினா "அம்மா" எண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு வந்து நிக்கும். பாமினி இங்கிலீசு எழுத்துக்கு மேல தமிழ் உடுப்புப் போட்டது, ஒட்டேக்க உடுப்புக் கழண்டிரும். எங்க ஒட்டினாலும் தமிழாவே நிக்கிற யுனிகோட்டுக்கு மாத்திட்டு ஒட்டுங்க, அவ்வளவுதான்.

2022 கரண்ட் வெட்டு எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு. அந்த நேரம் மூண்டாம் மெசின் ஒரு புதினம் காட்டிச்சு. கரண்ட் வந்ததும் போடுவன், விண்டோஸ் ஒழுங்கா வரும், வைபை காட்டும், ஆனா ஒரு சைட்டும் திறவாது. கூகுள் இல்ல, ஜிமெயில் இல்ல, பெரிய எழுத்துல பயம் காட்டுற மாதிரி ஒரு பக்கம். மற்ற ரெண்டு மெசினும் நல்லா ஓடுது. வைரஸ் எண்டு ஒருத்தன் சொன்னான், விண்டோஸ் புதுசா அடிக்கோணும் எண்டு இன்னொருத்தன் காசும் சொன்னான். ரெண்டு நாள் அந்த மெசின மூடி வெச்சிருந்தன், வருமானம் போகுது. மூண்டாம் நாள்தான் அந்தப் பக்கத்துல இங்கிலீசுல என்ன எழுதிரிக்கு எண்டு எழுத்துக் கூட்டி வாசிச்சன், உங்கட மணிக்கூடு பிந்தி நிக்குது எண்டிரிக்கு. கீழ மூலையில பாத்தா வருசம் 2009.

ஒரு சைட் தான்தான் அந்த சைட் எண்டு காட்ட ஒரு சேட்டிபிகேட் வெச்சிரிக்கும், அதுல இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும் செல்லும் எண்டு இரிக்கும். பிரவுசர் அத மெசின்ட மணிக்கூட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். மெசின் 2009ல நிண்டா, சேட்டிபிகேட் இன்னும் பிறக்கவே இல்லயே, அதால உள்ளுக்கு விடாது. ஏன் 2009க்குப் போச்சு? மதர்போட்ல ஒரு ரூபாக் குத்தி மாதிரி பேட்டரி ஒண்டு இரிக்கும், சீஆர் 2032 எண்டு அதுல எழுதிரிக்கும், கரண்ட் இல்லாத நேரம் மணிக்கூட்ட ஓட வெக்கிறது அதுதான். அது செத்திட்டு. முன்ன கரண்ட் போகாம இருந்ததால தெரியல்ல, வெட்டத் தொடங்கினாப் பிறகு ஒவ்வொரு முறையும் மெசின் 2009க்குக் கிறுகிப் போகுது. மணிக்கூடு திருத்துற கடையிலயும் அந்தப் பேட்டரி இரிக்கும், வாங்கிப் போட்டன், திகதியச் சரி பண்ணினன், முடிஞ்சுது. விண்டோஸ் அடிக்கக் குடுத்திருந்தா காசும் போயிரிக்கும், கரண்ட் போன உடன திரும்பவும் 2009.

அந்த மெசின்ல விண்டோஸ் 7தான் கிடந்துது. அதுக்கு மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியோட கைவிட்டாச்சு, குரோமும் 2023ல 109ஆம் வேர்சனோட நிப்பாட்டிட்டு. கொஞ்ச நாள் பயர்பொக்ஸ் போட்டு ஓட்டிட்டு மறுகா மாத்தினன். உங்கட வீட்டுலயும் அப்பிடி ஒண்டு கிடந்தா பாட்டுக் கேக்க வெச்சிருங்க, பேங்க் வேலைக்கு வேணாம்.

காத்தான்குடிக் காக்கா ஒருத்தர் ஒரு அந்தியில ஓடி வந்தார். "தம்பி, போனுக்க வைரஸ் பூந்துட்டு, நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்கி, பேரப்புள்ளைகளுக்கு முன்னுக்கு எடுக்க ஏலாமக் கிடக்கு." போன வாங்கிப் பாத்தன், "உங்கட போன்ல 13 வைரஸ்", "பேட்டரி பழுதாகுது", மறுகா எழுத ஏலாத படங்கள். ஒரு அறிவித்தல விரலால அமத்திப் பிடிச்சன், குரோம் எண்டும் அதுக்குக் கீழ ஏதோ ஒரு சைட் பேரும் வந்திச்சு. அவர் கிரிக்கெட் மெட்ச் சும்மா பாக்க எண்டு ஒரு சைட்டுக்குப் போயிரிக்கார், அது "நீ றோபோ இல்ல எண்டு காட்ட அலவ் அமத்து" எண்டிரிக்கு, அமத்திட்டார். றோபோவும் இல்ல ஒண்டும் இல்ல, அறிவித்தல் அனுப்ப அனுமதி குடுத்திரிக்கார், அவ்வளவுதான். வைரஸ் ஒண்டும் இல்ல. குரோம் செட்டிங்ல நோட்டிபிகேசனுக்குப் போய் அந்தப் பேர நிப்பாட்டினன், சத்தம் நிண்டுது. அந்த அறிவித்தல நம்பி அவர் ஏத்தி வெச்சிருந்த ரெண்டு "வைரஸ் கிளீனர்" அப்பையும் கழட்டினன், உண்மையில பயப்பட வேண்டியது அதுக்குத்தான். போன றீசெட் பண்ண ஒரு இடத்துல காசு பேசிட்டு வந்தவராம்.

அட்ரஸ் வாசிக்கிறது எப்பிடி எண்டு அவருக்கும் சொல்லிக் குடுத்தன். சவூதியில இருந்து வாற கடிதாசியில கடைசி வரியப் பாத்துத்தானே தபால்காரர் எந்த ஊர் எண்டு பிரிப்பார், வீட்டுப் பேரையா பாப்பார்? வெப் அட்ரஸும் அதே போல. டபுள் சிலேஷ் கழிஞ்சு முதலாவதா வாற சிலேஷ் வரைக்கும் போங்க, அதுக்கு முன்னால கடைசியா நிக்கிறதுதான் ஊர். அரசாங்கத்து சைட் எண்டு சொல்லி வட்ஸ்அப்ல வாற லிங்க்ல நடுவுல ஜிஓவி, எல்கே எல்லாம் எழுதிரிப்பான், கடைசியில வேற என்னமோ டொட் எக்ஸ்வைஇசட் எண்டு முடியும். அப்ப அது அந்த எக்ஸ்வைஇசட் ஊர்க்காரன்டது. பூட்டுப் படம் இரிக்கு, நல்ல சைட்தானே எண்டு கேப்பாங்க. பூட்டு எண்டா போற வழியில ஒருத்தரும் ஒட்டுக் கேக்க ஏலா எண்டுதான், அங்க இரிக்கிறவன் நல்லவன் எண்டில்ல. சேட்டிபிகேட் சும்மா கிடைக்கிற காலம், லெட்ஸ் என்கிரிப்ட் எண்டு ஒரு அமைப்பு 2015 கடைசியில இருந்து காசில்லாமக் குடுக்குது, கள்ளனும் எடுக்கலாம். சனம் பூட்டப் பாத்து ஏமாறுது எண்டுதான் குரோம் 2023ல அந்தப் படத்தையே எடுத்திட்டு.

போன மாசம் ஒரு புள்ள, கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போகோணும், ராவு பஸ். கடை பூட்டுற நேரம் ஓடி வந்து ஜிமெயிலத் திறந்து கடிதத்த பிறின்ட் எடுத்துக்கிட்டு ஓடிட்டு. எனக்கும் அவசரம், கோயில்ல பூசை, மொனிட்டர மட்டும் நிப்பாட்டிட்டுப் பூட்டிட்டன். கெஸ்ட்தான், ஆனா ஜன்னல் மூடாமக் கிடந்தா கெஸ்ட் என்ன செய்யும். ராவு பத்தரைக்குப் போன், "அண்ணா நான் இப்ப வெலிகந்தையில நிக்கன், ஜிமெயில் திறந்தபடி விட்டுட்டு வந்திட்டன், அதுக்க என்ட பேங்க் இதுகள் எல்லாம் இரிக்கு." அழுற குரல். நான் கடைக்குப் போகட்டா எண்டு யோசிச்சிட்டு, அதுக்க சொன்னன், புள்ள உன்ட போன்ல கூகுள் கணக்குக்குப் போ, பாதுகாப்பு எண்டத அமத்து, கீழ போனா உன்ட டிவைசஸ் எண்டு வரும், அதுல விண்டோஸ் எண்டு ஒண்டு நிக்குதா? "நிக்கி அண்ணா." அத அமத்தி சைன் அவுட் குடு. கவரேஜ் போய்ப் போய் வருது, ரெண்டு தரம் போன் கட்டாச்சு. மூண்டாந்தரம் எடுத்து, "போயிட்டு அண்ணா" எண்டிச்சு.

விடியக் கடையத் திறந்து மொனிட்டரப் போட்டன். ஜன்னல் அப்பிடியே கிடக்கு. றிபிரெஷ் அடிச்சன், பாஸ்வேர்ட் கேட்டிச்சு.